தூக்குகிறது, ஆனால் தாங்கவில்லை: பழைய டிராக்டர் ஹைட்ராலிக் லிஃப்ட், உதவி வேண்டும்

உழவுசால்
(இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வண்டிக்கு ஏறக்குறைய என் வயது. ஹைட்ராலிக் பம்ப் வெளியே இல்லை. பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடந்து பி.டி.ஓ. ஷாஃப்டில் (பின்னால் மாட்டும் கருவிகளுக்கு இஞ்சின் சக்தியைக் கொடுக்கும் தண்டு) ஓடும் பழைய ஃபெர்குசன் முறை. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், லிஃப்ட் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான்.

காலையில் ஒன்பது கொத்துக் கலப்பையைச் சிரமமில்லாமல் தூக்குகிறது. ஆனால் தூக்கிய நிலையில் சும்மா நிற்காது, தலையாட்டும். இரண்டு விரல் இறங்கும், சட்டென்று ஏறும், மறுபடி இறங்கும். எண்ணிப் பார்த்தேன், நாலைந்து விநாடிக்கு ஒருமுறை. இஞ்சினை நிறுத்தினால் நான் இறங்கிப் போய்க் கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் கலப்பை மண்ணைத் தொட்டிருக்கும்.

மதியத்துக்கு மேல் வண்டி நன்றாகச் சூடேறினால் தூக்கவே தயங்குகிறது. ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் முனகிக்கொண்டே ஏறும். பார்த்த மெக்கானிக் ஒருவர் பம்ப் போய்விட்டது, முழுசாக மாற்றவேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன்.

---

மூன்றாம் கியர்

சூட்டில் தூக்கவில்லை என்றால் பம்ப்தான். எனக்கும் இதேதான் வந்தது. பம்ப் மாற்றினேன், சரியாகிவிட்டது. யோசிக்காமல் மாற்றுங்கள்.

---

பழைய ஸ்பேனர்

தம்பி, பம்ப்பில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கவேண்டும். வண்டி தூக்காததா, தாங்காததா? இரண்டும் வேறு வேறு நோய்.

பம்ப்பின் வேலை பிரஷர் உண்டாக்குவது. உண்டான பிரஷரைப் பிடித்து வைத்திருப்பது சிலிண்டர், அதன் பிஸ்டன் சீல், கண்ட்ரோல் வால்வு, இடையில் இருக்கும் பைப், அதன் ஓ-ரிங்குகள் (இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையங்கள்). இஞ்சினை நிறுத்திய பிறகு பம்ப் ஓடுவதில்லை. அப்படியும் கலப்பை இறங்குகிறது என்றால் எங்கோ ஆயில் தப்பிக்கிறது என்றுதான் அர்த்தம். புதுப் பம்ப் போட்டாலும் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

நீங்கள் சொல்வதில் இரண்டும் கலந்திருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டி மட்டமான தரையில், லிஃப்ட் முழுக்க இறங்கிய நிலையில் ஆயில் அளவு எவ்வளவு? ஆர்ம் (கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டின் கை) மேலே இருக்கும்போது பார்த்தால் சிலிண்டருக்குள் இருக்கும் ஆயில் கணக்கில் வராது. ஆயிலின் நிறம் என்ன? டிப் ஸ்டிக்கில் நுரை இருக்கிறதா? கடைசியாக என்ன ஆயில், எப்போது ஊற்றினீர்கள்? அப்புறம், கலப்பையைத் தூக்கி வைத்து இஞ்சினை நிறுத்தி, லோயர் லிங்க்கின் (கலப்பையை மாட்டும் கீழ்க் கம்பி) முனை நிற்கும் உயரத்தைப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுச் சாக்பீஸால் குறியுங்கள். தரை தொட எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். "சீக்கிரம் இறங்குது" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. எண் வேண்டும்.

---

தோட்டக்காரி

ஸ்பேனர் அய்யா சொன்ன சோதனையைச் செய்யும்போது கலப்பைக்கு அடியில் காலையோ கையையோ நீட்டாதீர்கள். தாங்காத லிஃப்ட் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குனிந்து ஏதாவது பார்க்கவேண்டியிருந்தால் கனமான கட்டை அடை கொடுத்த பிறகுதான் குனியவேண்டும்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். இந்த மாதிரி வண்டியில் பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால் பம்ப் சுற்றாது, லிஃப்ட்டும் வேலை செய்யாது. ஒருமுறை அரை நாள் ஹவுசிங்கின் மேல்மூடியைப் பிரிப்பதா வேண்டாமா என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். கடைசியில் யாரோ ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் பட்டு லீவர் விழுந்தது, லிஃப்ட் தானாக எழுந்தது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களில் ஒருவருக்காவது இதுதான் காரணமாக இருக்கும்.

---

உழவுசால்

எல்லாம் பார்த்துவிட்டேன். ஆயில் அளவு மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது, நான் ஊற்றவே இல்லை. நிறம் பால் கலந்தது போல இருக்கிறது. நுரை இல்லை. போன வருடம் நானே மாற்றினேன். கையில் லேசான ஹைட்ராலிக் ஆயில் இருந்தது, ஹைட்ராலிக்தானே என்று அதையே ஊற்றினேன்.

தரை தொட எடுத்த நேரம்: குளிர்ந்த நிலையில் 6 நிமிடம். இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு ஒன்றரை நிமிடம்.

---

பழைய ஸ்பேனர்

ஊற்றாமலே அளவு கூடினால் உள்ளே வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். பெரும்பாலும் கியர் லீவரின் ரப்பர் மூடி கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கும். வெறுமனே நிற்கும் வண்டியில் ஹவுசிங்குக்குள் ஈரம் வியர்த்தும் சேரும். வண்டியை ஓர் இரவு முழுக்க அசையாமல் நிறுத்திவிட்டுக் காலையில் வடிகால் பிளக்கை முழுசாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்திப் பாருங்கள். ஆயிலுக்கு முன் தண்ணீர்தான் சொட்டும், அது கீழே போய் உட்கார்ந்திருக்கும்.

அந்த லேசான ஆயில் இரண்டாவது தப்பு. இந்த வண்டியில் ஒரே ஆயில்தான் கியருக்கும் காவல், லிஃப்ட்டுக்கும் வேலையாள். கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு அந்த இடைவெளிகளுக்குக் கணக்குப் பண்ணியது. தேய்ந்த பழைய வால்வில் மெல்லிய ஆயில் சூடானால் தண்ணீர்போல் இளகி இடுக்கு வழியே ஓடிவிடும். ஆனால் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். குளிர்ந்த நிலையிலேயே 6 நிமிடம் என்பது ஆயில் சமாச்சாரம் மட்டும் இல்லை.

---

எண்ணெய்க்கறை

தலையாட்டுவது ஏன் என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. ஒருமுறை மேல்மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெளியே கியர் பம்ப் வைத்த வண்டிகளில் பம்ப் எப்போதும் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வால்வு அதைச் சிலிண்டருக்கோ திரும்ப டேங்குக்கோ திருப்பிவிடும். ஃபெர்குசன் முறையில் கண்ட்ரோல் வால்வு இருப்பது பம்ப் உறிஞ்சும் பக்கத்தில். தூக்கவேண்டும் என்றால் வால்வு வாயைத் திறந்து பம்ப்பை ஆயில் குடிக்க விடுகிறது. வேண்டிய உயரம் வந்ததும் வாயை மூடிவிடுகிறது. பிஸ்டன்கள் ஆடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் தள்ள ஆயில் இருக்காது. இறக்க வேண்டுமானால் அதே வால்வு இன்னும் நகர்ந்து சிலிண்டரில் இருப்பதை வெளியே விடுகிறது.

இப்போது எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று வையுங்கள். ஆர்ம் இரண்டு விரல் இறங்கும். பொசிஷன் லிங்கேஜ் அதைப் பார்த்து "இவன் இறங்கிவிட்டான்" என்று வால்வைத் திறக்கும். ஏறும். மூடும். மறுபடி ஒழுகும். அதுதான் தலையாட்டம். ஆகவே ஆட்டத்தின் வேகமே ஒழுக்கின் அளவு. நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் பழைய வண்டிக்கு அது சகஜம். நாலு விநாடிக்கு ஒருமுறை என்றால் ஓட்டை பெரிது.

இன்னொரு கோணத்தில் பார்த்தால் உங்கள் பம்ப் நாலு விநாடிக்கு ஒருமுறை கலப்பையைச் சட்டென்று தூக்கிக் காட்டுகிறது. செத்த பம்ப் அப்படிச் செய்யாது.

---

மூன்றாம் கியர்

விளக்கம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூட்டில் தூக்கத் தயங்குகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? பம்ப் பிஸ்டனும் வால்வும் தேய்ந்தால் சூட்டில்தான் காட்டும்.

---

பழைய ஸ்பேனர்

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, மறுக்கவில்லை. தேய்ந்த பம்ப் சூட்டில் சோர்ந்துபோகும். ஆனால் ஒழுக்கு பெரிதாக இருந்தால் நல்ல பம்ப்பும் சூட்டில் சோர்ந்ததுபோலத்தான் தெரியும். ஓட்டைப் பானையில் ஊற்றுகிற ஆளைக் குறை சொல்வது மாதிரி. ஓட்டையை அடைத்த பிறகு ஊற்றுபவரின் பலத்தைப் பார்க்கலாம்.

குளிரில் மோசம், சூடானால் சரியாகிறது என்றால் அது வேறு திசை. ஸ்ட்ரைனர் (பம்ப்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் வலை) அடைப்பு. கெட்டியான ஆயில் அடைத்த வலைக்குள் புகாமல் பம்ப் பட்டினி கிடக்கும், கூடவே ஒரு சிணுங்கலும் கேட்கும். தம்பிக்குக் குளிரில் நன்றாக இருக்கிறது, அதனால் அது இப்போதைக்கு வேண்டாம்.

---

வரப்பு

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இஞ்சின் பக்கத்தில் கியர் பம்ப் இருக்கும் வண்டி. லிஃப்ட் ஏறுகிறது, ஆனால் விட்டு விட்டு, நடுங்கிக்கொண்டு. டிப் ஸ்டிக்கில் சோப்பு நுரை மாதிரி. டிப்பர் டிரெய்லர் மாட்டிய அன்று ரொம்ப மோசம்.

---

எண்ணெய்க்கறை

காற்று உறிஞ்சுகிறது. டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் சக்‌ஷன் ஹோஸின் கிளாம்ப்பையும் ஃபில்டரின் ஓ-ரிங்கையும் பாருங்கள். அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம், அதனால் ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். டிப்பர் சிலிண்டர் முழுசாக நீளும்போது பல லிட்டர் ஆயிலைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். ஏற்கெனவே அளவு குறைந்திருந்தால் பம்ப்பின் வாய் காற்றில் நிற்கும். டிப்பரைப் பயன்படுத்தும் நாட்களில் ஆயில் மேல் கோட்டில் இருக்கவேண்டும்.

---

வரப்பு

கிளாம்ப்தான். ஸ்க்ரூ டிரைவர் ஒன்றரைச் சுற்று உள்ளே போனது. நன்றி, விலகிக்கொள்கிறேன்.

---

உழவுசால்

ஸ்பேனர் அண்ணே சொன்னபடி பிளக்கை இரவு கழித்துத் தளர்த்தினேன். முதலில் ஒரு குவளை அளவுக்குச் சுத்தமான தண்ணீர்! பிறகுதான் ஆயில். கியர் லீவர் ரப்பரைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். பார்வையில் படாத பக்கம்.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்க மேல்மூடியைத்தான் கழற்றவேண்டுமா? அது ஒரு ஆள் தூக்கும் சமாச்சாரம் இல்லை.

---

பழைய ஸ்பேனர்

வேண்டாம். ஹவுசிங்கின் வலது பக்கத்தில் டிப் ஸ்டிக் இருக்கும் பக்க மூடி இருக்கிறதே, அதுதான் உங்கள் ஜன்னல். ஆயிலை அந்த வாயின் மட்டத்துக்குக் கீழே போகும்வரை மட்டும் வடித்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பம்ப் அடியில் இருப்பதால் மீதி ஆயில் அதற்குப் போதும்.

கலப்பையைத் தூக்கி, இஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கை உள்ளே போகக்கூடாது. உள்ளே ஷாஃப்ட் சுற்றுகிறது. ஊசி மாதிரி பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். அது மருந்து தடவி ஆறும் காயம் இல்லை, உடனே மருத்துவமனை போகவேண்டிய காயம். அதனால் சிறு கண்ணாடியை ஒரு நீளக் கம்பியில் கட்டி அதை மட்டும் காட்டிப் பாருங்கள். தளர்வான சட்டை, துண்டு எதுவும் கூடாது. கலப்பைக்கு அடியில் கட்டை.

---

உழவுசால்

பார்த்துவிட்டேன். இத்தனை வருடம் இந்த வண்டியை ஓட்டியும் அதன் வயிற்றுக்குள் பார்த்ததில்லை.

பம்ப்பிலிருந்து மேல்மூடிக்குப் போகும் செங்குத்தான பைப் ஒன்று இருக்கிறது. அதன் அடி, பம்ப்போடு சேரும் இடத்தில் ஆயில் விசிறி மாதிரி விரிந்து அடிக்கிறது. ஆர்ம் எழும் ஒவ்வொரு முறையும் பெரிதாகி, பிறகு சின்னதாகி, நிற்காமல். கண்ணாடியை மேலே திருப்பினால் லிஃப்ட் சிலிண்டரின் வாயில் நூல் மாதிரி ஓர் ஒழுக்கும் தெரிகிறது. அது சன்னமானதுதான், ஆனால் விடாமல் விழுகிறது.

---

பழைய ஸ்பேனர்

அந்தப் பைப்புக்கு ஸ்டாண்ட்பைப் என்று பெயர். மேலும் கீழும் ஓ-ரிங். பெரிய ஒழுக்கு அதுதான், முதலில் அதை முடியுங்கள். நல்ல செய்தி: அதற்கு மேல்மூடியைக் கழற்றத் தேவையில்லை. ஆர்மை முழுக்க இறக்கி, இஞ்சினை நிறுத்தி, லீவரை இறக்கும் நிலையில் விட்டுவிடுங்கள். உள்ளே பிரஷர் மிச்சம் இருக்கக்கூடாது. சீட்டுக்கு முன்னால் மேல்மூடியின் மீது ஒரு சின்ன மூடி போல்ட்டுகளோடு இருக்கும். சுற்றியுள்ள மண்ணை முதலில் சுரண்டித் துடைத்துவிடுங்கள், கழற்றிய பிறகு துடைத்தால் எல்லாம் உள்ளேதான் விழும். அதைத் தூக்கினால் ஸ்டாண்ட்பைப்பின் தலை தெரியும். நேராக மேலே இழுக்கவும். வரவில்லை என்றால் பிளையரால் நெரிக்காமல் மெல்லத் திருகி இழுக்கவும்.

---

தோட்டக்காரி

பைப்பை வெளியே எடுத்ததும் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். துருப் புள்ளி இருந்தால் புது ஓ-ரிங்கும் சீக்கிரம் போய்விடும். தண்ணீர் நின்ற வண்டி உங்களுடையது.

---

உழவுசால்

முடித்தேன். பழைய ஓ-ரிங் ரப்பராகவே இல்லை. வளைத்தால் முறிந்தது. கீழே இருந்தது ஒரு பக்கம் தட்டையாகி, அரைவட்டம் காணாமலே போயிருந்தது. பள்ளத்தில் துரு இல்லை. புது ஓ-ரிங் போட்டு, ஆயில் தடவி இறக்கினேன். பழைய ஆயிலை முழுக்க வடித்துவிட்டு, ஸ்ட்ரைனரைக் கழுவி, கையேட்டில் சொன்ன கிரேடு ஆயில் ஊற்றினேன். கியர் லீவர் ரப்பரும் புதுசு.

தலையாட்டம் இப்போது 40 விநாடிக்கு ஒருமுறை. தரை தொட எடுக்கும் நேரம் குளிரில் 25 நிமிடம், சூட்டில் 11. மதியத்துக்கு மேலும் தூக்குகிறது, ஆக்சிலரேட்டரைக் கூட்டத் தேவையில்லை.

---

மூன்றாம் கியர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பம்ப்பைப் பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். என் மனசு ஆறாது.

---

பழைய ஸ்பேனர்

அவர் சொல்வது நல்ல யோசனை, சந்தேகத்தோடு ஓட்டவேண்டாம். அந்தச் சின்ன மூடியில் வெளிச் சிலிண்டருக்கு ஆயில் எடுக்கும் பிளக் இருந்தால் அங்கே கேஜ் மாட்டலாம். 250 பார் (அழுத்த அளவு) வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜ். சாதாரண கேஜில் பிஸ்டன் பம்ப்பின் அடிக்கு முள் நடுங்கி ஒன்றும் படிக்கமுடியாது. வண்டி சூடான பிறகு லீவரைக் கான்ஸ்டன்ட் பம்பிங் நிலைக்கு (பம்ப் விடாமல் தள்ளும் நிலை) தள்ளி, ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் வால்வு) திறக்கும் சத்தம் கேட்கும்வரை, சில விநாடிகள் மட்டும் பிடியுங்கள். அதற்கு மேல் பிடித்தால் ஆயில் கொதிக்கும்.

---

மேட்டுநிலம்

எனக்கும் ஒரு கேள்வி. உழும்போது நான் லீவரைத் தொடாமலே கலப்பை மேலே வருகிறது, பிறகு இறங்குகிறது. சால் ஒரே ஆழத்தில் இல்லை. நின்ற இடத்தில் தூக்கினால் ஆட்டம் எதுவும் இல்லை. இதுவும் ஒழுக்குதானா?

---

எண்ணெய்க்கறை

இல்லை. நின்ற இடத்தில் ஆடாவிட்டால் அது டிராஃப்ட் கண்ட்ரோல். அது இருப்பதே அதற்குத்தான். ஹாரி ஃபெர்குசன் 1926-இல் காப்புரிமை பெற்றதன் சாரமே இதுதான்: மண் கடினமானால் கலப்பை டாப் லிங்க்கை (கலப்பையின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கம்பி) முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து லிஃப்ட்டைக் கொஞ்சம் தூக்கும், பாரம் குறையும். கலப்பையின் எடையையும் பின் சக்கரத்தின் மேல் ஏற்றிவிடும். 1939-இல் ஃபோர்டின் 9என் டிராக்டரிலும், 1946-இல் ஃபெர்குசன் டி.இ.20-யிலும் வந்தது இதுதான். சின்ன வண்டி பெரிய கலப்பையை இழுக்கமுடிந்ததே அதனால்தான்.

ஆனால் அது ரொம்பக் கூச்சப்பட்டால், சின்னத் தள்ளலுக்கும் தூக்கினால், உங்களுக்கு வருவதுபோல் துள்ளும். டாப் லிங்க்கை எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறீர்கள்?

---

பழைய ஸ்பேனர்

ஓட்டையைப் பார்ப்பதற்கு முன் டாப் லிங்க் மாட்டும் கொண்டியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டமும் கூடாது. ஆனால் விரலால் திருப்பினால் திரும்பவேண்டும். அதுதான் அந்த ஸ்பிரிங்குக்குச் சரியான இறுக்கம். முன்பின் ஆட்டம் இருந்தால் உழும்போது முதலில் அந்த வெற்றிடம் ஓடித் தீர்ந்து, பிறகு ஸ்பிரிங் அமுங்கும். சால் துள்ளும்.

---

மேட்டுநிலம்

ஆட்டம் இருக்கிறது. ஒரு தீக்குச்சி கனம். புரிந்தது.

---

உழவுசால்

கேஜ் மாட்டினேன். சூடான நிலையில் கையேட்டில் உள்ள அளவைவிடப் பத்துப் பார்தான் குறைவு. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் கியர் அண்ணனும் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

சிலிண்டர் ஒழுக்கு மட்டும் மனதை உறுத்துகிறது. உழவு முடிந்துவிட்டது, வண்டிக்கு ஓய்வு. மேல்மூடியைக் கழற்றலாம் என்று இருக்கிறேன்.

---

பழைய ஸ்பேனர்

11 நிமிடம் தாங்குகிற வண்டியை நான் கழற்றமாட்டேன். உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது, அதனால் தடுக்கவில்லை. முதலில் ஸ்டாண்ட்பைப்பை வெளியே எடுத்துவிடுங்கள். அதை மறந்து மூடியைத் தூக்கினால் பைப் வளையும். செயின் பிளாக்கில் நேராகத் தூக்கவும். பிஸ்டனில் என்ன சீல் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வார்ப்பிரும்பு ரிங் போட்டவையும் உண்டு, ஓ-ரிங்கும் அதற்கு முட்டுக் கொடுக்கும் பேக்கப் வளையமும் போட்டவையும் உண்டு.

---

உழவுசால்

கழற்றினேன், இரண்டு பேரும் ஒரு செயின் பிளாக்குமாக. சிலிண்டர் உள்சுவரில் நகத்தில் மாட்டாத மெல்லிய கோடுகள் மட்டும். பிஸ்டனில் ஓ-ரிங்கும், பக்கத்தில் ஒரு கடினமான வளையமும். புதியதை மாட்டிவிட்டேன், படம் இணைத்திருக்கிறேன். மூடுவதற்கு முன் யாராவது ஒரு பார்வை பாருங்கள்.

---

பழைய ஸ்பேனர்

நிறுத்துங்கள். பேக்கப் வளையம் தப்பான பக்கம். ஆயில் எந்தப் பக்கமிருந்து அழுத்துகிறதோ அந்தப் பக்கம் ஓ-ரிங். அதற்குப் பின்னால், பிரஷர் இல்லாத பக்கம் கடின வளையம். அழுத்தம் ஓ-ரிங்கை இடுக்குக்குள் தள்ளாமல் தடுப்பதுதான் அதன் வேலை. உங்கள் படத்தில் அது ஆயில் பக்கம் இருக்கிறது. இப்படியே மூடினால் ஒரு மாதத்தில் ஓ-ரிங்கின் விளிம்பு கடிபட்டு, மறுபடி மூடியைத் தூக்கவேண்டியிருக்கும்.

---

உழவுசால்

கழற்றி மாற்றிவிட்டேன். வேர்த்துவிட்டது.

---

உழவுசால்

மூடி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினேன். லிஃப்ட் அசையவே இல்லை. துளி கூட. பி.டி.ஓ. லீவரையும் பார்த்துவிட்டேன், போட்டுத்தான் இருக்கிறது. என்ன செய்தேன் என்றே தெரியவில்லை.

---

எண்ணெய்க்கறை

பயப்படாதீர்கள், நானும் இந்த இடத்தில் நின்றிருக்கிறேன். மூடியிலிருந்து கீழே தொங்கும் லீவர்கள் கண்ட்ரோல் வால்வின் ரோலரோடு சேரவில்லை. மூடி உட்காரும்போது அவை முன்னால் போய் நின்றிருக்கும், அதனால் மேலே நீங்கள் லீவரை எவ்வளவு இழுத்தாலும் கீழே வால்வுக்குத் தகவலே போகாது. இஞ்சினை நிறுத்திவிட்டு, ஆயிலை மறுபடி பக்க வாய்க்குக் கீழே வடித்து, அந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள்.

---

உழவுசால்

அதேதான். ரோலர் ஒரு பக்கம், லீவர் ஒரு பக்கம், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நின்றன. மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை விரல் கனம் தூக்கிப் பிடித்து, ஜன்னல் வழியே ஒரு கம்பிக் கொக்கியால் லீவரைப் பின்னால் இழுத்து ரோலரோடு சேர்த்து இறக்கினேன். இஞ்சின் நின்றிருந்தது, தோட்டக்காரி அக்கா கவலைப்படவேண்டாம்.

எண்கள்: தலையாட்டம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. நேற்று மாலை சூடான வண்டியில் கலப்பையைத் தூக்கிக் குச்சியில் கோடு போட்டு நிறுத்தினேன். மூன்று மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

---

மூன்றாம் கியர்

நல்ல வேலை தம்பி. ஒன்று கேட்கவேண்டும், கேலி செய்யக்கூடாது. அந்த ஸ்டாண்ட்பைப் ஓ-ரிங்கை என்ன அளவு சொல்லி வாங்கினீர்கள்? பழையதைக் கொண்டுபோய்க் காட்டினீர்களா?

---

உழவுசால்

முதலில் பழையதைத்தான் கொண்டுபோனேன் அண்ணே, தப்பாகிவிட்டது. நசுங்கிப்போன ஓ-ரிங்கை அளந்தால் கனம் குறைவாகக் காட்டும், அதற்குப் பொருத்தமாக வாங்கியது பைப்பில் ஆடிற்று. பிறகு பைப்பையே எடுத்துப்போய்ப் பள்ளத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் வெர்னியரில் அளந்து வாங்கினேன். போட்டு விரலால் தடவினால் பைப்பின் உடம்பைவிட ஓ-ரிங் லேசாகத் துருத்திக்கொண்டு தெரியவேண்டும். ஆயிலுக்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் என்று கேளுங்கள். மேல் ஓ-ரிங்கும் கீழ் ஓ-ரிங்கும் ஒரே அளவுதானா என்றும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஆமாம், உங்கள் வண்டியில்தான் புதுப் பம்ப் இருக்கிறதே, அது எத்தனை விநாடிக்கு ஒருமுறை ஆடுகிறது?

---

மூன்றாம் கியர்

ஏழு.